பத்தொன்பது கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

பஸ் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

முதல் ஷிப்ட் விட்ட நேரம். ஒரகடத்தில் அந்த நேரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் பத்துப் பன்னிரண்டு பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் வரிசையாக நிற்கும். டீசல் புகையும் வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் வாசனையும் சேர்ந்து அடிக்கும். குன்றத்தூர் பஸ்ஸில் நான்காவது ஜன்னல் என்னுடையது. யாரும் எழுதித் தரவில்லை. பல வருடமாக அங்கேயே உட்கார்ந்து அது எனக்கென்று ஆகிவிட்டது.

"ஏகாம்பரம் அண்ணே, இத ஒரு தடவ பாக்கீங்களா?"

கையில் நான்காக மடித்த ஒரு தாள். முத்துமாரி என்று பெயர். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் ஒரு வாடகை அறையில் நான்கு பெண்களோடு தங்கி, எங்கள் லைனில் டிரெய்னியாக வேலை பார்த்தாள். எட்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசியது எட்டு வார்த்தை இருக்காது.

தாளைப் பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். கீழே கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது.

"என்னம்மா இது?"

"உங்க எல்லாரோட அபிப்பிராயமும்னு எழுதியிருக்காங்க. எனக்கு வேலையில கவனம் இல்லையாம். இதோட ஒரு லெட்டரும் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கணும். இல்லன்னா டிரெய்னிங்க நிறுத்திருவாங்களாம்." அவள் குரல் உயரவில்லை. "கடைசிக் கையெழுத்தப் பாருங்க அண்ணே. அது என்னோடது. எல்லாரும்னா அதுல நானும் இருக்கேன்லா?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"நீங்களும் அப்படித்தான் நினைக்கீங்களா?" என்று கேட்டாள்.

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நகர்ந்தது நல்லதாயிற்று என்று அந்த நிமிடம் நினைத்தேன். தாள் என் கையிலேயே இருந்தது.

மேல் பாதி, கீழ் பாதி

பிள்ளைகளே, போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். "இங்கிலீஷ் தெரியாமல் எப்படி இத்தனை வருடம் ஓட்டினீர்கள்?" என்று ஒரு பெண் பிள்ளை கடிதத்தில் கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு இந்த வாரம் பதில் சொல்லிவிடலாம். கொஞ்சம் வெட்கமான பதில்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். வாசித்து முடிக்கும்போது முதல் வார்த்தை மறந்துபோயிருக்கும். ஆனால் கையெழுத்து மட்டும் இங்கிலீஷில்தான் போடுவேன். அதை வருடக்கணக்காகப் போட்டு அழகாக்கி வைத்திருந்தேன்.

எங்கள் லைனில் வண்டிக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிறோம். ஒரு பலகையில் வயர்களைப் படுக்க வைத்து, கட்டி, டேப் சுற்றி, பிளாஸ்டிக் கிளிப் மாட்டி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அந்தக் கிளிப்தான் வயர்க்கட்டை வண்டியின் உடம்போடு பிடித்து வைக்கும். முத்துமாரியின் வேலை, ஒரு கட்டுக்குப் பதினொரு கிளிப் மாட்டுவது.

லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் தினமும் பத்து நிமிடம் நின்றபடியே ஒரு மீட்டிங். நேற்று என்ன தப்பு நடந்தது, இன்று எத்தனை போட வேண்டும் என்று சூப்பர்வைசர் பாலாஜி சார் சொல்வார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாள் செருகிய அட்டை கைக்குக் கை மாறி வரும். தாளின் கீழ் பாதியில் கையெழுத்துப் போடுவோம். மேல் பாதி வெறுமையாக இருக்கும். மீட்டிங்கில் பேசியதை அவர் பிறகு இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். மணி அடித்ததும் லைன் ஓடியாக வேண்டுமே, எழுதும்வரை யார் காத்திருப்பது?

எங்களைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்து, வந்தேன் என்பதற்கு அடையாளம். அவ்வளவுதான். பழக்கம் எங்களுக்கு முன்னாலேயே இருந்தது. சீனியர் என்பதால் அட்டை என்னிடம்தான் முதலில் வரும். நான் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள்.

பாலாஜி சார் கெட்டவர் இல்லை. இருபத்து நான்கு வயது. டிப்ளமோ முடித்து வந்த பையன். காலை டிபனுக்கு முன்னால் ஆறு ஃபாரம் நிரப்ப வேண்டியவர்.

என் மகள் வாசித்த வரி

அன்று சாயங்காலம் வீட்டில் கயல் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். அப்போது எட்டாம் வகுப்பு. தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இட் ஈஸ் ஜெனரலி ஃபெல்ட் பை ஆல் மெம்பர்ஸ் தட் தி டிரெய்னி ஈஸ் நாட் அட்டென்டிவ் அட் வொர்க்," என்று மடமடவென்று வாசித்தாள். "அதுக்குக் கீழ, ஆஸ் எவ்ரிபடி ஈஸ் அவேர்னு ஒண்ணு இருக்கு. இது யாரைப் பத்திப்பா?"

"முதல்ல அர்த்தம் சொல்லு."

"இவங்க கவனமா வேலை செய்யலன்னு பொதுவா எல்லாரும் உணர்றாங்க. அப்புறம், எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி."

"யாரு உணர்றாங்க?"

"அதான் எல்லாரும்."

"யாரு அந்த எல்லாரும்?"

கயல் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "பேரு போடலப்பா. இப்படித்தான் எழுதுவாங்க. எங்க புக்லயும் நிறைய வரும். இட் ஈஸ் பிலீவ்ட்னு வரும். இட் ஈஸ் செட்னு வரும். நோ டவுட்னு வரும். மிஸ்ஸைக் கேட்டா, அது அப்படித்தான், படிங்கன்னு சொல்வாங்க."

பழைய டைரி ஒன்றை எடுத்து அவள் சொன்ன ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். நம்பப்படுகிறது. சொல்லப்படுகிறது. கருதப்படுகிறது. சந்தேகமே இல்லை. எல்லோரும் அறிந்ததே. எழுத எழுத, இவை எனக்குப் புதிது இல்லை என்று தோன்றியது.

என் முதல் கம்பெனியில் ஒரு மேனேஜர் இருந்தார். எந்தப் பேச்சையும் "ஆஸ் வி ஆல் நோ" என்றுதான் தொடங்குவார். நான் முன்வரிசையில் நின்று பலமாகத் தலையாட்டுவேன். எனக்கு அவர் சொல்லப்போகும் விஷயமும் தெரியாது, அந்த வார்த்தைகளின் அர்த்தமும் தெரியாது. ஆட்டாமல் நின்றால் எனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். பக்கத்தில் இருந்தவனும் ஆட்டுவான். அவனும் என்னைப் பார்த்துத்தான் ஆட்டினான் என்று பிறகு சொன்னான்.

மாமனார் ஏறிய பஸ்

இங்கிலீஷை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நம்மிடமும் இது உண்டு. "பேசிக்கிறாங்க" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோமே.

எனக்குப் பெண் பார்த்தபோது, என் மனைவியின் வீட்டுக்கு யாரோ போய், "பையன் குடிப்பான்னு பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணம் நின்றுபோகிற நிலைமை.

அவள் அப்பா ஒன்று செய்தார். யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் நான் வேலை முடிந்து வரும் டவுன் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் பருத்தி விலை, மழை, முட்டிவலி என்று பேசிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு முறை தோள்மேல் சாய்ந்து தூங்குவது போல் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். இறங்கும்போது, "தம்பி, நான்தான் உனக்கு மாமனார் ஆகப்போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பல வருடம் இதை வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். முத்துமாரியின் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் வேறு மாதிரி பட்டது. அந்த மனிதர் "பேசிக்கிறாங்க" என்பதை நம்பவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. பஸ் ஏறி வந்து பார்த்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்த புதிதில், "உள்ளூர்க்காரனை உள்ளே எடுக்க மாட்டான்" என்று எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் ஒரு வருடம் மனுப் போடாமலே இருந்தேன். பிறகு போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடத்தை எந்த எல்லாரிடம் போய்க் கேட்பது?

எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் உலகத்தில் உண்டு, பிள்ளைகளே. நெருப்பு சுடும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கிற வரி அப்படிப்பட்டது இல்லை. அதற்கு ஆள் வேண்டும்.

தாளில் பத்தொன்பது கையெழுத்து. முத்துமாரியையும் என்னையும் கழித்தால் பதினேழு பேர். புதன், வியாழன் இரண்டு நாளில் பதினேழு பேரையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆள் ஆளாகக் கேட்டது

டீ நேரத்தில் நான்கு பேர், சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேர், பஸ்ஸில் மீதி. ஒரே கேள்விதான். முத்துமாரிக்குக் கவனம் இல்லை என்று நீ சொன்னாயா?

"நான் கையெழுத்துப் போட்டது வந்ததுக்குண்ணே," என்றார்கள் பாதிப் பேர்.

"முத்துமாரின்னா யாரு? மூக்குத்தி போட்டுகினு இருக்குமே, அதுவா?" என்றான் ஒருவன். அவன் கையெழுத்து ஒன்பதாவது.

"நான் சொல்லலண்ணே. எல்லாரும் சொல்றாங்க" என்றார்கள் மற்றவர்கள்.

டேப் சுற்றுகிற ஒரு தம்பி மட்டும் நேராக நிமிர்ந்து, "ஆமாண்ணே, நான் நினைக்கிறேன். அந்தப் பொண்ணு கை மெதுவா போவுது. எனக்கு கட்டு லேட்டா வருது. நான் பாத்துத்தான் சொல்றேன்" என்றான். எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது. மெதுவாகப் போவதும் கவனம் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. ஆனால் பதினேழு பேரில் தன் வாயால், தான் பார்த்ததை, தன்னுடையது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

என் பக்கத்து சீட்டுக்காரன் தணிகைவேல், எங்களுக்குத் தணிகா. வாய் ஓயாதவன். அவனும் குன்றத்தூர்தான். நான் நோட்டும் பேனாவுமாக அலைவதைப் பார்த்து, "இன்னாண்ணே, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா? வூடு வூடா போறா மாரி ஆள் ஆளா போய்கினு கீற?" என்றான்.

"உன்கிட்டயும்தான்டா ஓட்டுக் கேக்கிறேன். நீ சொன்னியா?"

"நான் யாரைப் பத்தி இன்னா சொன்னாலும் மூஞ்சிக்கு நேராத்தான் சொல்வேன். நீ தேவியைக் கேளு."

எல்லாரும் தேவியைத்தான் காட்டினார்கள். தேவி லைனின் கடைசியில் கரன்ட் ஓடுகிறதா என்று செக் செய்கிற மேஜையில் நிற்பவள். யார் எதைச் சொன்னாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஆமாண்ணே, பாலாஜி சார் கேட்டாரு, அந்தப் பொண்ணு எப்படின்னு. மனசு வேலையில இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க சார்னு சொன்னேன். எனக்கு இன்னா தெரியும், நான் கரன்ட் பாக்கறவ, கிளிப்பு பாக்கறவளா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"தணிகாதான். பஸ்ல பேசிகினு வந்தாங்களாம்."

வியாழக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் தணிகாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "உனக்கு யாருடா சொன்னது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"விளையாடறியாண்ணே? நீதான் சொன்ன."

"நானா?"

"ஒரு மாசம் இருக்கும். இதே சீட்டு. சோமங்கலம் தாண்டிகினு இருந்தோம். அந்தப் பொண்ணுக்கு உடம்பு லைன்ல கீது, மனசு சங்கரன்கோயில்ல கீதுன்னு சொன்னியே. பஸ்ஸே சிரிச்சுது. நல்லாக் கீதுன்னு நான் தேவிகிட்ட சொன்னேன்."

நான் சொன்னதுதான்

ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் தேவலை.

ஒருநாள் டீ நேரத்தில் அந்தப் பெண் தூணோரம் நின்று செல்போனில் ஒரு போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. வேலை நேரம்கூட இல்லை. அன்று பஸ்ஸில் தூக்கம் வராமல், நாலு பேரைச் சிரிக்கவைக்க ஒரு வரி சொன்னேன். தெற்கே இருந்து வரும் பிள்ளைகள் நிலைத்து நிற்க மாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சின் மேல் என் வரி லேசாக ஏறி உட்கார்ந்துகொண்டது. என்னிடமிருந்து தணிகாவுக்கு, தணிகாவிடமிருந்து தேவிக்கு, தேவியிடமிருந்து பாலாஜி சாருக்கு. அங்கே அது இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு, எல்லாருடைய அபிப்பிராயமாகி, என் கையெழுத்துக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"விடுண்ணே," என்றான் தணிகா, குரலைத் தாழ்த்தி. "நீ சொன்னேன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், நான் சொல்லப் போறதில்ல. ஜெனரலா சொன்னாங்கன்னே போய்டும்."

பிள்ளைகளே, அவன் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த நிமிடம்தான் எனக்கு அந்த வரி முழுதாகப் புரிந்தது. அந்த வரியில் முத்துமாரியை உள்ளே தள்ளியிருந்தார்கள். என்னை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். எவ்வளவு சௌகரியமான இடம். நிழலும் இருக்கிறது, பேரும் கிடையாது.

நான் அங்கே இருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

போர்டில் இருந்த தேதி

அதற்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மாமனார் மாதிரி போய்ப் பார்ப்பது.

கிளிப் இல்லாமல் மூன்று கட்டுகள் கார் கம்பெனிவரை போய்ப் புகாராகத் திரும்பி வந்ததுதான் இத்தனைக்கும் தொடக்கம். அந்த மூன்றின் போட்டோவும் லைன் முகப்பில் இருந்த போர்டில், சிவப்புக் கட்டம் கட்டி ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரமாக அதைத் தாண்டித்தான் எல்லாரும் போய் வந்தோம். வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன்னால் தேவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருக்கும். செய்த தேதி அதில் இருக்கும்.

தேவி முதல் இரண்டையும் வாசித்தாள். மூன்றாவதில் நின்றாள்.

"அண்ணே, இது அவ ஊர் கோயில்ல ஆடித் தபசு அன்னிக்கு."

"அதனால?"

"அன்னிக்கு அவ இங்க இல்ல. ஊருக்குப் போயிருந்தா. திரும்பி வரும்போது எல்லாருக்கும் கடலை மிட்டாய் எடுத்துகினு வந்தாளே, நீகூட ரெண்டு வாங்கினியே."

வாங்கினேன். பல்லில் ஒட்டிக்கொண்டது வரை ஞாபகம் இருந்தது. தேதி மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாருக்கும்தான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, பிறகு யார் லேபிளைப் பார்ப்பார்கள்?

பின்னால் வந்து நின்ற தணிகா உற்சாகமாகிவிட்டான். "அப்ப அன்னிக்கு அவ இடத்துல நின்னது யாரு? எனக்கு ஒரு சந்தேகம் கீது."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா எல்லாரும்..."

"வேணாம் தணிகா."

அன்று அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அவன்மேல் கோபம் வரவில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம்

எச்.ஆர். மேடத்தின் அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். பாலாஜி சார் உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"உங்களை யாரும் கூப்பிடலையே ஏகாம்பரம்?" என்றார் மேடம்.

"கூப்பிட்டிருக்கீங்க மேடம். இந்தத் தாள்ல முதல் கையெழுத்து என்னுது."

தாளை மேஜைமேல் வைத்தேன். பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சுருக்கமாகச் சொன்னேன். "எல்லாரும் உணர்றாங்கன்னு எழுதியிருக்கு. பதினேழு பேரைக் கேட்டேன். ஒருத்தன் கை மெதுவா போவுதுன்னு சொன்னான், அவன் பாத்திருக்கான். மத்தவங்க யாரும் ஒண்ணும் பாக்கல. கவனம் இல்லன்னு முதல்ல சொன்னது நான். பஸ்ல சொன்னேன். நானும் பாக்கல."

பாலாஜி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, இது ஃபார்மேட் லாங்வேஜ். எல்லா ரிப்போர்ட்லயும் இப்படித்தான் எழுதுவோம். நான் வேணும்னு எழுதல."

"தெரியும் சார். நாங்களும் வேணும்னு கையெழுத்துப் போடல."

மூன்றாவது லேபிளின் தேதியைச் சொன்னேன். மேடம் கம்ப்யூட்டரில் லீவு விவரத்தைப் பார்த்தார். அன்று முத்துமாரி லீவு என்றுதான் இருந்தது. பிறகு முத்துமாரியிடம் திரும்பினார். "மத்த ரெண்டும்?"

நான் பயந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடுவாள், சொல்லேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அது ரெண்டும் என்னோடதா இருக்கலாம் மேடம்," என்றாள் முத்துமாரி. "பதினொண்ணு மாட்டணும். அள்ளி மாட்டும்போது எத்தன ஆச்சுன்னு சில நேரம் விட்டுப்போவுது. அதப் பத்தி என்ன கேளுங்க, பதில் சொல்லுதேன். எல்லாருக்கும் என்னால பதில் சொல்ல முடியாது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றைக்கு உடனே எதுவும் முடிவாகவில்லை. அடுத்த புதன்கிழமைதான் அந்த லெட்டரைத் திரும்பப் பெற்றார்கள். டிரெய்னிங் தொடரும் என்றார்கள். அதற்குள் முத்துமாரியே ஒரு யோசனை சொன்னாள். பெட்டியிலிருந்து அள்ளுவதற்குப் பதில், பதினொரு குழி உள்ள ஒரு தட்டில் கிளிப்பை அடுக்கி வைத்துக்கொள்வது. கட்டு முடிந்தபின் குழியில் ஒன்று மிச்சம் இருந்தால், கட்டில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். பாலாஜி சார்தான் ஓடியாடி அந்தத் தட்டைச் செய்து வாங்கினார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது அவளிடம் சொன்னேன். "பஸ்கிட்ட நின்னு கேட்டியே, நானும் அப்படித்தான் நினைக்கிறேனான்னு. நினைக்கலம்மா. நினைக்காமலே சொல்லிட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் அண்ணே சங்கடமா இருக்கு. நினைச்சுச் சொல்லியிருந்தா, இல்லன்னு உங்களுக்குப் புரிய வச்சிருப்பேன்."

அதன்பிறகு பல நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

திங்கட்கிழமை மீட்டிங்

அந்த வெள்ளிக்கிழமையின் விவரத்தைப் பாலாஜி சார் இங்கிலீஷில் எழுதி எனக்கு ஒரு நகல் கொடுத்தார். கயல் வாசித்தாள். இந்த முறை முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இதுல உன் பேர் இருக்கு. ஏகாம்பரம் செட், ஏகாம்பரம் சொன்னார், அப்படின்னுதான் ஆரம்பிக்குது."

"நல்ல விதமா இருக்கா?"

"இல்லப்பா. நீ தப்பா சொன்னேன்னு நீயே சொன்னதா இருக்கு."

"சரி. அது போதும்."

எத்தனையோ வருடம் இங்கிலீஷுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு இங்கிலீஷ் வரிக்கு உள்ளே நான் போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை மீட்டிங். டேப் சுற்றும் இடத்துக்குக் கட்டு லேட்டாக வருவதைப் பற்றிப் பாலாஜி சார் பேசிக்கொண்டிருக்கும்போதே அட்டை வந்தது. வழக்கம்போல முதலில் என்னிடம். மேல் பாதி வெறுமையாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் வெறுமையாகவே வந்தது. யார் மேலும் தப்பில்லை, கை பழகியிருக்கிறது. என் கைகூடப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது.

மூடியை மறுபடி போட்டேன்.

கடைசி வரிசையில் நின்ற முத்துமாரியைப் பார்த்து, "இங்க வாம்மா. இதைக் கொஞ்சம் சத்தமா படி" என்றேன்.

அவள் முன்னால் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். "படிக்க ஒண்ணும் இல்லையே அண்ணே."

"அப்ப கையெழுத்தும் இல்ல சார்," என்று பாலாஜி சாரிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க. அவ படிச்சுச் சொல்லட்டும். நாங்க போடறோம்."

மணி அடித்தது. பெல்ட் நகரத் தொடங்கியது. தணிகா என் காதோரம், "இன்னாண்ணே, லைன் ஓடுது" என்றான்.

"ஓடட்டும்."

பாலாஜி சார் எங்களைப் பார்த்தார். ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி லைனை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு, தூணின் மேல் வைத்து நின்றபடியே எழுதத் தொடங்கினார். பேனா கீறும் சத்தம் கேட்கும் அளவுக்கு லைன் அமைதியாக இருந்தது. இரண்டு வரி எழுதி நிமிர்ந்து, "கட்டு லேட்டா வருதுன்னு சொன்னது யாரு? பேர் சொல்லுங்க" என்றார்.

டேப் சுற்றுகிற தம்பி கையைத் தூக்கிப் பெயரைச் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். மற்ற எல்லாரும், அவர் எழுதி முடிக்கும்வரை அசையாமல் நின்றோம்.